காஜா கொச்சைச் சொல்லா?

தையல் குறிப்பேட்டில் 'காஜா' என்று எழுதக் கூடாது, 'பொத்தான் துளை' என்றுதான் எழுத வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். ஆறாம் வகுப்பில் முதன்முதலாக ஊசியைக் கையில் பிடித்த நாளிலிருந்து இதைக் கேட்டு வருகிறோம். வகுப்பில் பேசும்போது மட்டும் எல்லாரும் காஜா என்றே சொல்லுகிறோம். "காஜாவை நேராக வெட்டு", "காஜாவின் முனை பிரிகிறது பார்" என்றுதான் எந்தத் தையல் அறையிலும் குரல் கேட்கும். ஆனால் பேனாவை எடுத்துக் குறிப்பேட்டைத் திறந்தவுடன் அந்தச் சொல் வாசலிலேயே நிறுத்தப்பட்டு விடுகிறது. காரணம் கேட்டால், "அது கடைத்தெருச் சொல், தையற்காரர் பேச்சு, கொச்சை" என்ற பதில் கிடைக்கிறது.

பெரியோர் வகுத்த வழக்கத்தை எதிர்த்துப் பேசுவது மாணவியர்க்கு அழகன்று என்பதை அறிவோம். ஆயினும் இந்த ஒரு செய்தியில் மட்டும் காஜாவின் பக்கம் நின்று வாதாட எங்களுக்கு இடம் தர வேண்டுகிறோம். எங்கள் கருத்து இதுதான். காஜா கொச்சைச் சொல்லன்று. 'பொத்தான் துளை' அதைவிடத் தூய தமிழும் அன்று. காஜாவைக் குறிப்பேட்டிலிருந்து தள்ளி வைப்பதில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது.

முதலில் பொத்தானை எடுத்துக் கொள்வோம். கேட்பதற்கு அது நல்ல தமிழ்ச் சொல்லைப் போலவே இருக்கிறது. வாயைப் பொத்து, காதைப் பொத்து என்கிறோம். ஓட்டையைப் பொத்தல் என்கிறோம். ஆகவே சட்டையைப் பொத்தி வைப்பதுதான் பொத்தான் என்று யாரும் எளிதில் நம்பி விடுவர். உண்மை வேறு. போர்த்துக்கீசியர் தம் மொழியில் 'போட்டாவ்' என்று மூக்கொலியோடு முடித்துச் சொல்லும் சொல்லே நம் நாவில் பொத்தான் ஆயிற்று. அம்மொழியில் அதற்குப் பூமொட்டு என்ற பொருளும் உண்டு. பழைய பிரெஞ்சு மொழியில் முட்டு, தள்ளு என்னும் பொருளுடைய ஒரு வினையிலிருந்து பிறந்த சொற்குடும்பம் அது. மொட்டு கிளையிலிருந்து முட்டிக்கொண்டு வெளியே வருகிறது அல்லவா? ஆங்கிலத்தின் 'பட்டன்' என்பதும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். ஆக, பட்டன் என்று சொல்பவர் ஆங்கிலம் பேசுகிறார், பொத்தான் என்று சொல்பவர் தமிழ் பேசுகிறார் என்று நாம் செய்து வைத்திருக்கும் பாகுபாடே ஆட்டங் காண்கிறது!

இப்போது காஜாவுக்கு வருவோம். இதுவும் போர்த்துக்கீசியச் சொல்லே. 'காஸா' என்பது அதன் மூலம். அவர்கள் நாவில் இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் 'ஸ', வண்டின் ரீங்காரம் போல அதிர்ந்து ஒலிக்கும். அந்த ஒலி நம்மிடம் இல்லை. அதற்கு மிக அருகில் இருப்பது 'ஜ'. எனவே காஸா காஜாவாயிற்று. சான்று வேண்டுமானால் நம் வகுப்பறையிலேயே இருக்கிறது. 'மேஸா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லைத்தான் நாம் மேசை என்றும் மேஜை என்றும் இரு விதமாகச் சொல்லுகிறோம். இந்தியிலும் மராத்தியிலும் இதே காஜாவைக் 'காஜ்' என்பர்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498-ஆம் ஆண்டு. அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசியர் மேற்குக் கரையிலும் முத்துக்குளித்துறையிலும் நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் தங்கினர். நம் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-ஆம் ஆண்டு. 1578-ஆம் ஆண்டு ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்டார். வணிகரும் போர்வீரரும் குருக்களும் வந்த அந்தக் கப்பல்களில் பொருள்களோடு சொற்களும் வந்தன. சன்னல், சாவி, அலமாரி, கோப்பை, துவாலை, பேனா யாவும் அப்படி வந்தவையே. கோயிலுக்குள் சென்றால் பாதிரியாரும் குருசும் அவ்வாறு வந்த சொற்கள். இவற்றை யாரும் கொச்சை என்று கழிப்பதில்லை. சாவியைக் குறிப்பேட்டில் எழுதினால் சிவப்பு மை விழுவதில்லை. பொத்தானும் காஜாவும் ஒரே மொழியிலிருந்து, ஒரே தொழிலுக்காக வந்த இரு சொற்கள். அவற்றுள் ஒன்றுக்கு நாற்காலி போட்டு மற்றொன்றை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

'பொத்தான் துளை' என்ற தொடரையும் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும். அதன் முன்பாதி போர்த்துக்கீசியம். பின்பாதி தமிழ்தான், ஆனால் கருத்து ஆங்கிலம். ஆங்கிலேயர் 'பட்டன் ஹோல்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்ததே அது. தமிழில் தனித்தமிழ் இயக்கம் 1916-ஆம் ஆண்டு மறைமலையடிகளால் தொடங்கியது என்று படித்திருக்கிறோம். அவ்வியக்கத்தினர் சன்னலுக்குச் சாளரம் என்றும் சாவிக்குத் திறவுகோல் என்றும் முழுமையாகத் தமிழே வழங்கினர். அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதை மதிக்கிறோம். பொத்தானை வைத்துக் கொண்டு காஜாவை மட்டும் துரத்துவதில் எந்த ஒழுங்கும் இல்லை.

சரி, காஸா என்றால் போர்த்துக்கீசியர் மொழியில் என்ன பொருள்? வீடு! வீட்டைக் குறிக்கும் அதே சொல்லைத்தான் அவர்கள் பொத்தான் நுழையும் இடத்துக்கும் வழங்குகிறார்கள். பொத்தான் குடியிருக்கும் வீடு காஜா. இதை அறிந்த நாளிலிருந்து எங்கள் வகுப்பில் பலருக்கும் தையல் துணியைப் பார்க்கும் பார்வையே மாறி விட்டது.

ஒரே பொருளை ஒவ்வொரு நாட்டாரும் எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்பது சுவையானது. ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியருக்கும் அது வெறும் துளை. ஸ்பானியர் அதைக் கண் என்னும் சொல்லிலிருந்து பிறந்த 'ஓஹால்' என்ற பெயரால் அழைக்கின்றனர். இத்தாலியர் வழங்கும் பெயர்களுள் ஒன்றுக்குச் சிறு கண் என்று பொருள். பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'புத்தோனியேர்' என்ற சொல் காஜாவையும் குறிக்கும், அதில் செருகும் மலரையும் குறிக்கும். நேரு மாமா தம் அங்கியில் ரோஜா செருகியிருந்ததைப் படங்களில் பார்த்திருக்கிறோமே, அது பிரெஞ்சுக்காரருக்குப் புத்தோனியேர்தான். துளை, கண், மலர், வீடு என்னும் இந்நான்கில் வீடுதான் மிகப் பொருத்தமானது என்பது எங்கள் தீர்ப்பு. துளை என்றால் ஏதோ கிழிந்து போனது என்றுதான் தோன்றும். துணியில் எலி கடித்தாலும் துளைதான்! வீட்டை ஒருவர் கட்ட வேண்டும். அளந்து கட்ட வேண்டும்.

(காஜா என்று ஒரு தின்பண்டமும் உண்டு. பாரசீகத்துக் 'க்வாஜா'விலிருந்து வந்த காஜா என்ற ஆட்பெயரும் உண்டு. இவற்றுக்கும் தையல் காஜாவுக்கும் உறவில்லை. மதிய உணவு மணியடிக்கும் வேளையில் தையல் வகுப்பு வைத்தால் முதலாவது காஜாதான் நினைவுக்கு வருகிறது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறோம்.)

காஜாவை அளந்து கட்ட வேண்டும் என்றோம். வெட்டுவதற்கு முன் பொத்தானை அளக்க வேண்டும். அதன் குறுக்களவோடு கனத்தையும் கூட்டினால் வருவதே காஜாவின் நீளம். 12 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பொத்தானுக்கு 15 மில்லிமீட்டர் வேண்டும். கனத்தை மறந்து 12-க்கே வெட்டினால் பொத்தான் உள்ளே போகாது. தாராள மனத்தோடு 20-க்கு வெட்டினால் உள்ளே நிற்காது. அளந்து குறித்த கோட்டின் இருபுறமும் முதலில் சிறு ஓட்டுத் தையல் போட வேண்டும். பிறகு துணியை மடித்து நடுவில் கத்தரியால் சிறிதாக வெட்டி, அங்கிருந்து இரு முனைகளுக்கும் இழை பிசகாமல் வெட்டிச் செல்ல வேண்டும். வெட்டிய நொடியிலிருந்து இழைகள் பிரியத் தொடங்கும். துணிக்கு அது ஒரு காயம். அந்தக் காயத்தின் விளிம்பு முழுவதையும் காஜாத் தையலால் மூட வேண்டும். ஊசியின் முனையை நூல் சுற்றிக்கொள்ளுமாறு விட்டு இழுத்தால் ஒவ்வொரு தையலுக்கும் விளிம்பின் மேல் ஒரு சின்னஞ்சிறு முடிச்சு உட்காரும். முடிச்சுக்குப் பக்கத்தில் முடிச்சாக, இடைவெளியில்லாமல், ஏற்றத்தாழ்வில்லாமல் வரிசை நிற்க வேண்டும். பொத்தான் தினமும் உராய்வது துணியின் மேலன்று, இந்த முடிச்சுகளின் மேல்தான். கம்பளி விளிம்புத் தையலும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படியே இருக்கும். ஆனால் அதில் இந்த முடிச்சு கிடையாது. ஆகவே அதற்கு இந்த உழைப்பும் கிடையாது.

முனைகளில்தான் கைத்திறன் தெரியும். படுக்கை வசத்தில் எடுக்கும் காஜாவில் பொத்தான் ஒரு முனைக்கு நகர்ந்து வந்து நிற்கும். அந்த முனையில் தையலை விசிறி போல் விரிக்க வேண்டும். எதிர் முனையில் குறுக்கே சில இழைகளை ஓட்டி, அவற்றின் மேல் தைத்துத் தாழ்ப்பாள் போடுவதுபோல் கட்ட வேண்டும். நெடுக்கு வசத்தில் எடுத்தால் இரு முனைகளிலும் தாழ்ப்பாள். சட்டையின் முன்பட்டி குறுகலானது, இழுப்பும் குறைவு. அதனால் அங்கே நெடுக்குக் காஜா. கழுத்துப் பட்டியிலும் மணிக்கட்டுப் பட்டியிலும் இழுப்பு குறுக்கே செல்வதால் படுக்கைக் காஜா. அப்பாவின் சட்டையை எடுத்துப் பாருங்கள், புரியும். ஆண்கள் சட்டையில் காஜா இடப்பக்கமும் பெண்கள் சட்டையில் வலப்பக்கமும் இருப்பதையும் பார்க்கலாம். இதற்குப் பலர் பல காரணம் சொல்லுகிறார்கள். எதுவும் எங்களுக்கு மன நிறைவு தரவில்லை.

முதல் காஜாவை முடிக்க எங்கள் வகுப்பில் பெரும்பாலோர்க்கு ஒரு பாடவேளை முழுவதும், அதாவது நாற்பது நிமிடம் பிடித்தது. குருக்கள் அணியும் மரபான அங்கியில் 33 பொத்தான்கள் இருப்பதுண்டு. நம் ஆண்டவர் மண்ணுலகில் வாழ்ந்த 33 ஆண்டுகளை அவை நினைவூட்டும் என்பர். 33 பொத்தானுக்கு 33 காஜா. எங்கள் வேகத்தில் கணக்கிட்டால் 1,320 நிமிடம்; இருபத்திரண்டு மணி நேரம்! பூசையில் அந்த அங்கியைப் பார்க்கும்போது இனி நம் கண் பொத்தானோடு நிற்காது.

பொத்தான் பழையது. 4,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிந்துவெளி நாகரிகத்தின் மொகஞ்சதாரோவில் சிப்பியால் செய்த பொத்தான் கிடைத்திருக்கிறது. ஆனால் அது அழகுக்காகத் தைத்துக் கொண்டது. ஆடையை மூட மக்கள் முடிச்சையும் நாடாவையும் ஊசியையும் நூல் வளையத்தையும் நம்பியிருந்தனர். துணியை வெட்டி, விளிம்பைத் தைத்து, அதில் பொத்தானை நுழைக்கும் முறை ஐரோப்பாவில் பரவியது 13-ஆம் நூற்றாண்டில்தான். அதன் பிறகே உடலோடு ஒட்டிய சட்டைகளும் இறுக்கமான கைகளும் அங்கே பெருகின. அணிகலனாக இருந்த பொத்தான் வேலைக்காரனாக மாறியது காஜா வந்த பின்னர்தான். நம் நாட்டிலும் தையல் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத் தெருவில் துன்னகாரர் என்ற பெயரில் தையற்காரர் இருந்தனர். தைக்கும் தொழில் இருந்தது, அதற்குத் தமிழ்ச் சொல்லும் இருந்தது. புதிய பொருளான பொத்தானும் காஜாவும் புதிய பெயரோடு வந்தன. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி அவர்கள் அகராதியில் வீற்றிருக்கிறதே! அதை அவர்கள் மீனவர் பேச்சு என்று ஒதுக்கவில்லை.

ஆங்கிலத்தில் ஒருவரை வழிமறித்து நிறுத்திப் பேசிக்கொண்டே இருப்பதற்கும் 'பட்டன் ஹோல்' செய்தல் என்று பெயர். முன்பு அது 'பட்டன் ஹோல்டு', அதாவது சட்டைப் பொத்தானைப் பிடித்துக் கொண்டு பேசுதல். 19-ஆம் நூற்றாண்டில் பிடி மறைந்து துளை வந்து விட்டது. தவறாகக் காதில் விழுந்த சொல்லைக்கூட அந்நாட்டார் இலக்கண நூலுக்குள் ஏற்றுக் கொண்டார்கள். நாமோ சரியாக வந்த சொல்லை ஏற்கத் தயங்குகிறோம்.

ஏன் தயங்குகிறோம்? எங்கள் கருத்தைச் சொல்லுகிறோம்; பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க. அந்தச் சொல்லில் குறை எதுவுமில்லை. அதை நாள் முழுவதும் சொல்லுகிறவர்கள் யார் என்பதுதான் காரணம். சாவியும் மேசையும் துரைமார் வீட்டிலும் அலுவலகத்திலும் புழங்கிய சொற்கள். காஜா தையற்கடையின் ஓரத்தில், தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் சொல். தையற்கடையில் வேலைக்குச் சேரும் சிறுவனுக்கு முதலில் தரும் வேலை காஜா எடுப்பது. 'காஜாப் பையன்' என்றே அவனுக்குப் பெயர். அவனை யாரும் சொந்தப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இயந்திரத்தின் முன் உட்காரும் உரிமை கிடைக்கும்வரை ஆண்டுக் கணக்கில் அவன் விளிம்பு தைத்துக் கொண்டிருப்பான். எத்தனையோ நல்ல தையற்காரர்கள் அப்படித் தொடங்கியவர்களே. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர்கள் வயதொத்த பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. சில விலக்குகள் தவிர, 14 வயது நிறையாத பிள்ளைகளை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைப்பது இப்போது குற்றம். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். காஜாப் பையன் என்ற பேச்சு நாவில் இருக்கட்டும். அந்த வயதில் அந்த இடத்தில் ஒரு பையன் இருக்கக் கூடாது. எங்கேனும் கண்டால் அதைப் பார்த்தும் பாராமல் சட்டையை வாங்கிக்கொண்டு திரும்புவது நமக்கு அழகன்று.

பெண்கள் செய்யும் காஜா வேலை இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. கடையில் தைத்த ரவிக்கைகளையும் சட்டைகளையும் மூட்டையாக வீட்டுக்கு வாங்கி வந்து, காஜா எடுத்து, கொக்கி வைத்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுக்கும் தாய்மார் எத்தனையோ பேர். எண்ணிக்கைக்குக் கூலி. எங்கள் தோழியர் சிலரின் அன்னையரும் அவ்வாறு உழைக்கிறார்கள். சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் உறங்கிய பின் விளக்கடியில் உட்காருகிறார்கள். முழுக்கைச் சட்டை ஒன்றுக்கு முன்புறமும் கழுத்தும் மணிக்கட்டுமாக ஒன்பது காஜாவுக்குக் குறையாது. வேலை கொடுப்பவர் முனை சற்றுப் பிரிந்திருந்தால் கூலியைப் பிடித்துக் கொள்வதுண்டு. மாதக் கணக்கில் நிறுத்தி வைப்பதுமுண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் நிரப்பும் படிவங்களில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் இத்தோழியர் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? 'வீட்டில் இருக்கிறார்' என்று எழுதுகிறார்கள். சிலர் ஒரு கோடு மட்டும் போடுகிறார்கள். ஒரு தோழியிடம், "அம்மா காஜா எடுக்கிறார்கள் என்று எழுதேன்" என்று சொன்னபோது, "அதை எப்படி எழுதுவது? அது எழுதுகிற சொல்லா?" என்றாள்.

குறிப்பேட்டில் ஒரு சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குவதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு அவள் கேள்வியே பதில். ஒரு சொல் எழுதத் தகாததானால், அந்தச் சொல்லால் பிழைப்பவரின் உழைப்பும் எழுதத் தகாததாகி விடுகிறது.

இனி, காஜாவை இயந்திரமே எடுத்து விடுகிறது, கையால் எடுக்கக் கற்பதே வீண் என்று சொல்லும் தோழியரும் எங்கள் வகுப்பில் உண்டு. அமெரிக்காவில் ஜான் ரீஸ் என்பவர் 1881-ஆம் ஆண்டிலேயே காஜா இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார் என்பது உண்மை. இன்று தொழிற்சாலைகளில் இயந்திரம் முதலில் இருபுறமும் நெருக்கமாகத் தைத்து விட்டுப் பிறகு கத்தியை இறக்கி நடுவில் வெட்டுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு காஜா! நல்லதுதான். திருப்பூருக்குச் சென்றால் 'காஜா பட்டன் அடிக்க ஆள் தேவை' என்று பனியன் கம்பெனி வாசல்களில் பலகை தொங்குகிறது. அங்கே போய் 'பொத்தான் துளையிட ஆள் தேவை' என்று எழுதி வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள். இயந்திரம் வந்த பிறகும் அந்தச் சொல்லும் ஆளும் போகவில்லை என்பதைத்தான் அந்தப் பலகை சொல்லுகிறது. அரசு இலவசமாகத் தரும் பள்ளிச் சீருடைகளையும் சமூக நலத்துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களே தைத்துக் கொடுக்கிறார்கள். மேலும், கையால் ஒரு காஜா எடுத்துப் பார்த்தவளுக்குத்தான் எண்ணிக்கைக் கூலி எவ்வளவு குறைவு என்று தெரியும். இதற்காகவேனும் ஒவ்வொரு மாணவியும் ஒன்றாவது எடுக்க வேண்டும் என்போம்.

காஜாத் தையலின் பெருமை பொத்தானோடும் நின்று விடவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரப் பெண்கள் அடியில் துணியே இல்லாமல், இந்தத் தையலை மட்டும் வரிசை வரிசையாக அடுக்கி ஊசி லேஸ் பின்னினார்கள். 'காற்றில் இட்ட தையல்' என்று அதற்குப் பெயர். நம் பக்கத்திலும் கன்னியர் மடங்கள் ஊசியைப் பெண்களின் பிழைப்புக்குத் துணையாக்கிய வரலாறு உண்டு. பெல்ஜிய நாட்டிலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்தர் 1897-ஆம் ஆண்டு குமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு வந்து அனாதைச் சிறுமியரை ஏற்றுக் கொண்டார். அங்கே பூத்தையல் அவர்களுக்குக் கைத்தொழிலாயிற்று. திருத்தூதர் பணிகளில் வரும் யோப்பா நகரத் தபித்தாவை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே அவர் தைத்துக் கொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டினார்கள். தைத்த துணியைச் சான்றாகக் காட்டிய அக்கைம்பெண்கள் தையலைத் தாழ்வாக நினைக்கவில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் சில. தையல் குறிப்பேட்டில் காஜா என்று எழுத அனுமதி வேண்டும். விரும்புவோர் பொத்தான் துளை என்றும் எழுதட்டும், தடையில்லை. படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'காஜா வேலை' என்று எழுதும் தோழியைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். கையால் காஜா எடுத்த துணியை வாங்கும்போது அந்தக் காஜாவுக்கும் சேர்த்துத்தான் விலை என்பதை நினைத்துப் பேரம் பேசுங்கள்.

இவ்வாண்டுத் தையல் கண்காட்சியில் பத்தாம் வகுப்பின் மாதிரித் துணிகள் வாசலுக்கு நேர் எதிர் மேசையில் இருக்கும். ஓட்டுத் தையல், பின்தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஐந்தாவது துணியின் சீட்டில் 'காஜா' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறோம். அதன் கீழே சிறிய எழுத்தில் 'பொத்தானின் வீடு' என்றும் எழுதியிருக்கிறோம். துணியில் ஆறு காஜாக்கள் இருக்கின்றன. மூன்றாவதன் முனை மட்டும் சற்றுக் கோணல். மதிப்பெண் இடுவது தையல் ஆசிரியை அவர்கள் கையில்.